ஐம்பத்தேழு கிலோவுக்கு ஆள்

"சார், முன்னெடைன்னா என்னங்க?" என்று கவிதா போனில் கேட்டபோது நான் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அந்த இட்லி உள்ளே இறங்கவில்லை.

கவிதா எங்கள் குத்துச்சண்டைச் சங்கத்தின் இப்போதைய செயலாளர். இருபத்தாறு வருஷம் நான் பார்த்த வேலையை இப்போது அந்த அம்மணி பார்க்கிறார். என்னைவிட நன்றாகவே பார்க்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீரர்களிடமிருந்து பதிவுப் புத்தகங்களை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. கோழி கிளறியது போன்ற கையெழுத்தோ புரியாத வார்த்தையோ வந்தால் என்னைக் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் கையில் இருந்தது பூபதியின் புத்தகம்.

அதை அவசரமாக ஏற்ற வேண்டியிருந்தது. பூபதி திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். அடுத்த வாரம் நேர்காணல். சங்கத்திலிருந்து பதிவுச் சான்று கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது கொடுக்கிற சான்று ஒரே ஒரு வரி: வெற்றி 8, தோல்வி 17.

"எட்டு ஜெயிச்சுப் பதினேழு தோத்தவரை யாருங்க சார் கோச்சா எடுப்பாங்க?" என்றார் கவிதா. கிண்டலாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நான் பாத்த அம்பத்தொரு கிலோக்காரனுகள்ல அவனை மாதிரிக் கைக்காரன் ஒருத்தன் கெடையாது, தெரியுமா?" என்று கத்தினேன்.

"அப்பப் பதினேழு எப்படிங்க சார் வந்துச்சு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் குத்துச்சண்டைக்கு வந்ததே விபத்துதான். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எனக்குத் தெரிந்தது கபடி. ஆள் பற்றாக்குறை என்று பத்து நாள் நடுவர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு விதிப் புத்தகத்தோடும் வீங்கிய மூக்கோடும் திரும்பி வந்தேன். மூக்கு வீங்கியது, ரிங்கில் யாரைப் பிரிக்கப் போகிறோம் என்று பார்க்காமல் நடுவில் போய் நின்றதால். அடுத்த வருஷமே சங்கத்துக்குச் செயலாளராகவும் அணிக்கு மேலாளராகவும் ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்றால் தங்கவேலு சார்தான். ஆத்தூர்க்காரர், கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டலப் போட்டிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி அவர்தான். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. இருபது வயதுப் பையனையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். கையில் அடிபட்ட ஒருவனை விளையாட விடாமல் வெளியே அனுப்பும்போதுகூட, "மன்னிச்சுக்கோங்க தம்பி, இன்னைக்கு உங்களை விட முடியாது" என்று எழுந்து நின்று சொல்வார். உட்கார்ந்துகொண்டு ஒருவனை வெளியே அனுப்பக்கூடாது என்பது அவருடைய கணக்கு.

எடை பார்க்கிற காலைகளில் அவரைப் பார்க்க வேண்டும். ஏழு மணிக்கு மேசை திறக்கும் என்றால் ஆறேகாலுக்கு வந்துவிடுவார். தராசைச் சரிபார்க்க இருபது கிலோ எடைக்கல் மூன்று வேண்டும். அது என் பொறுப்பு. திருச்செங்கோட்டுப் பருத்தி மண்டியில் கேட்டு வாங்கி, பஸ்ஸில் காலுக்கு அடியில் வைத்துக் கொண்டு போவேன். மூன்றையும் ஒவ்வொன்றாக ஏற்றி, அறுபது காட்டினால்தான் பேனா மூடியைக் கழற்றுவார். தராசுகள் இரண்டு இருக்கும். சுவரோரம் இருப்பது முன்னெடைத் தராசு. பையன்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். மேசையருகே இருப்பது உத்தியோகத் தராசு. அதில் ஒரே தடவைதான். அது காட்டுவதைத் தங்கவேலு சார் வீரனின் புத்தகத்தில் எழுதுவார். எடை, எதிராளி, முடிவு, முடிவு எப்படி வந்தது, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் குறிப்புக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதுவதில்லை.

இனி என் சாமர்த்தியத்தைச் சொல்கிறேன். அப்போது அதைச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

அணிக் கோப்பை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் ஜெயித்தால் மூன்று புள்ளி. தோற்றாலும், ஆள் ரிங்கில் ஏறி நின்றதற்கு ஒரு புள்ளி. ஒரு பிரிவில் ஆளே இல்லையென்றால் பூஜ்யம். பெரிய ஊர் அணிகளுக்கு எல்லா எடைக்கும் ஆள் உண்டு. எங்களுக்கு எங்கே? தறி ஓட்டுகிற வீட்டுப் பையன்கள், லாரிப் பட்டறைப் பையன்கள், ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போர்க்கிணறு தோண்டுகிற பையன்கள். எல்லாரும் ஒரே வார்ப்பு. ஐம்பத்தொரு கிலோவுக்கு மூன்று பேர் இருப்பார்கள், ஐம்பத்தேழுக்கு ஒருவனும் இருக்கமாட்டான். அதனால் கீழ் எடைக்காரன் ஒருவனுக்கு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து வயிற்றை நிரப்பி மேல் எடைக்கு ஏற்றிவிடுவோம். 'எடை நிரப்புறது' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தோம். சின்ன அணிகள் எல்லாம் செய்ததுதான். விதியில் இதற்குத் தடை எதுவும் இல்லை.

மூன்று பேரில் யாரை ஏற்றுவது? சுமாரானவனை ஏற்றினால் பெரிய கையிடம் அடிபட்டு மூக்கு உடைந்து வருவான். அப்புறம் அவன் அப்பா பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நிற்பார். இருப்பதிலேயே கெட்டிக்காரனை ஏற்றினால் தோற்றாலும் முழுசாகத் திரும்பி வருவான். அதனால் எப்போதும் பூபதியைத்தான் ஏற்றினேன். நன்றாகச் சண்டை போடத் தெரிந்த குற்றத்துக்காக அவன் தோற்றுக்கொண்டே இருந்தான்.

மல்லசமுத்திரத்துப் பையன். பேச்சு கம்மி. இடது கை ஒன்று வைத்திருந்தான் பாருங்கள், எதிராளி மூச்சை உள்ளே இழுக்கிற நேரம் பார்த்து விலாவில் போய் உட்காரும். சொந்த எடையில் பன்னிரண்டு சண்டை, எட்டு வெற்றி. தோற்ற நாலும் ஆரம்ப காலத்தில். மீதிப் பதிமூன்றும் நான் ஏற்றிவிட்ட சண்டைகள். அந்தப் பதிமூன்றிலும் புள்ளிக் கணக்கில்தான் தோல்வி. ஒரு தடவைகூட அவன் கீழே விழுந்ததில்லை, நடுவர் சண்டையை நிறுத்தியதும் இல்லை.

"இந்தத் தாட்டி எம்பட எடையிலயே உடுங்க சார்" என்று அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். சேலத்தில் மண்டலப் போட்டி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகிற ஒரு துறையிலிருந்து தேர்வாளர் வரப்போகிறார், ஐம்பத்தொரு கிலோவுக்கு ஒரு ஆள் தேடுகிறார் என்று எங்களுக்குச் செய்தி வந்திருந்தது. "உனக்குத்தான் சாமி அது. இந்தத் தாட்டி உன்னை யாரும் தொடமாட்டாங்க" என்று வாக்குக் கொடுத்தேன். பூபதியின் சாதாரண எடை ஐம்பத்து மூன்று. இரண்டு கிலோவை இறக்க, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தான். விடியற்காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றினான்.

காலை ஏழு நாற்பதுக்கு முன்னெடைத் தராசில் ஏறினான். ஐம்பத்தொன்று. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். உதடு வெடித்திருந்ததால் சிரிக்கும்போது வலித்திருக்கும். உத்தியோகத் தராசுக்கு வரிசையில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் நாலு பேர்.

அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. எங்கள் ஐம்பத்தேழு கிலோக்காரன். ரிக் வண்டியில் வெளி மாநிலத்துக்குப் போயிருந்தவன், விடிவதற்குள் வந்துவிடுவேன் என்றிருந்தான். "சார், போர்க் கம்பி உள்ளார மாட்டிக்கிச்சுங்க. எடுக்காம ஓனர் உடமாட்டேங்கறாருங்க" என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முந்தின இரண்டு வருஷமும் கோப்பை எங்களுடையது. மூன்றாவது தடவையும் வாங்கினால் நிரந்தரமாக, அணி பயிற்சி செய்கிற எங்கள் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியிலேயே இருக்கும். தலைமை ஆசிரியர் அலமாரியில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு பிரிவு காலியாக விட்டால் அது போய்விடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வரிசையில் அவனுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தபோது போய் அவன் தோளைத் தொட்டேன்.

"சாமி, அம்பத்தேழுக்கு ஆளில்லை."

அவன் தராசைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "எவ்வளவு ஏறணுமுங்க?" என்று கேட்டான். இல்லை என்று சொல்வான் என்று நான் பயந்தேன். அவன் சொல்லவில்லையே என்று இன்றைக்கு வருத்தப்படுகிறேன்.

ஐம்பத்தேழு கிலோ பிரிவில் நிற்க ஐம்பத்து நாலைத் தாண்ட வேண்டும். மூன்று கிலோவுக்கு மேல். எடை மேசை ஒன்பது மணிக்கு மூடும். பரமத்தி வேலூர்ப் பூவன் பழம் ஒரு சீப்பு கொண்டு வந்திருந்தோம், எடை பார்த்த பிறகு எல்லாரும் தின்பதற்கு. அத்தனையையும் அவனே தின்றான். பன்னிரண்டு பழம். அதன் மேல் இரண்டு லிட்டர் தண்ணீர். பதினெட்டு மணி நேரம் காய்ந்து கிடந்த வயிறு. பாதியில் ஒரு தடவை குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளேயே விழுங்கினான், வெளியே வந்தால் எடை குறைந்துவிடும் என்று. நான் பக்கத்தில் நின்று பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு ஐம்பதுக்கு மேசைக்கு வந்தோம். தங்கவேலு சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"தம்பி, கொஞ்சம் முன்னாடி உங்களை அந்தத் தராசுல பார்த்தேன். இது உங்க விருப்பம்தானா?"

பூபதி என்னைப் பார்க்காமலே, "ஆமாங்க" என்றான்.

தராசு ஐம்பத்து நாலு கிலோ நூறு கிராம் காட்டியது. தங்கவேலு சார் எழுதினார். வழக்கத்தைவிட அதிக நேரம் எழுதினார். புத்தகத்தை அவனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பி, "தராசு காட்டினதைத்தான் வாத்தியாரே எழுதியிருக்கேன். ஆனா பொய் எழுதின மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். கோப்பை எங்களுக்குப் போவது பொறுக்காமல் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் எந்த அணிக் கோப்பைக்கும் என்ன சம்பந்தம்? புத்தி அப்படிப் போயிருந்தது எனக்கு.

சாயங்காலம் சண்டை. எதிராளி நல்ல உயரம், நிஜமான ஐம்பத்தேழு கிலோ. முதல் ரவுண்டில் பூபதி நகரவே சிரமப்பட்டான். இரண்டாவது ரவுண்டில் அந்த உயரக்காரனின் கைக்கு அடியில் புகுந்து விலாவில் நாலு வைத்தான். அரங்கமே எழுந்து நின்றது. மூன்றாவது ரவுண்டில் இரண்டு பேரும் சமமாகக் குத்திக்கொண்டார்கள். இரண்டு புள்ளியில் தோற்றான். இறங்கி வந்து படிக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தியெடுத்துவிட்டு, வாய் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது ரவுண்டுல கடைசியா கை தாழ்ந்துருச்சுங்க சார். எம்பட தப்புத்தான்" என்றான்.

ஐம்பத்தொரு கிலோவில் எங்கள் இரண்டாவது பையன் நின்று ஜெயித்தான். நல்ல பையன், பயிற்சியில் பூபதியிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். தேர்வாளர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்கு அவன் வீடு வாசல் என்று சௌகரியமாக இருக்கிறான். கோப்பையும் எங்களுக்கு வந்தது, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். நாமக்கல் பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கிடைத்தது பூபதிக்கு மட்டும்தான். அதனால் கோப்பையை அவன் மடியில் வைத்தோம். ஊர் வரும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

இரண்டு வருஷத்தில் அவன் ரிங்கை விட்டான். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போனான். சாயங்காலங்களில் மல்லசமுத்திரத்தில் ஓடாத தறிக்கூடம் ஒன்றில் பத்துப் பதினைந்து பேருக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தான். வெல்டிங் வெளிச்சத்தில் கண் கெட்டுக்கொண்டு வந்தது. அதனால்தான் இந்தக் கல்லூரி வேலை அவனுக்கு வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் பட்டறையைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது கவிதாவின் போனுக்கு வருகிறேன். புத்தகத்தில் அந்தச் சேலம் சண்டைக்கு எதிரே, குறிப்புக் கட்டத்தில், தங்கவேலு சாரின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறதாம். கவிதா படித்துக் காட்டினார்: "முன்னெடை 51.000, காலை 7.40."

வீரனின் புத்தகம் வீரனிடம்தான் இருக்கும். அதனால் இத்தனை வருஷமாக அது என் கண்ணில் படவில்லை. தங்கவேலு சார் இப்போது உயிரோடு இல்லை. நான் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி, "ஏனுங்க, யாருக்காச்சும் ஏதாச்சுமுங்களா?" என்று பதறிப் போய் ஓடி வந்தாள்.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். முழுத்தாளில் இரண்டு பக்கம். எடை நிரப்பும் வழக்கம், கோப்பைக் கணக்கு எல்லாவற்றையும் எழுதி, 'இந்தப் பதிமூன்று தோல்விகளுக்கும் அணி மேலாளராகிய நானே முழுக் காரணம்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டு, சான்றோடு இணைக்கச் சொல்லிக் கவிதாவுக்கு அனுப்பினேன். மனசு லேசானது போல இருந்தது. கவிதா நியாயமாக அதைப் பூபதியிடம் காட்டியிருக்கிறார்.

மறுநாள் காலை அவனிடமிருந்து போன். "சார், ஊட்டுல இருக்கறீங்களா? வாரேன்." அரை மணியில் வந்துவிட்டான். நாற்பதைத் தாண்டிய ஆள், காதோரம் நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தான்.

"ஏனுங்க சார், இதை யாருங்க எழுதச் சொன்னது?"

"நாந்தாஞ் சாமி எழுதுனேன். உண்மைதானே?"

"பதிமூணு தோல்விக்கும் நீங்கதான் காரணம்னு எழுதியிருக்கறீங்க. அப்ப நான் எங்கீங்க இருந்தேன்? ரிங்குக்குள்ள நின்னது நீங்களா?"

அவன் சத்தம் போடவில்லை. ஆனால் அவனை அத்தனை கோபமாக நான் பார்த்ததே இல்லை.

"நீங்க செஞ்சது தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. வரிசையில நிக்கறப்பவே தெரியும். அதுக்காவ எம்பட தோல்வியையெல்லாம் உங்க பேருக்கு மாத்திக்காதீங்க. என்னையவிடப் பெரிய ஆளுங்க பதிமூணு பேரோட நின்னேனுங்க. ஒருத்தனும் என்னையக் கீழ சாய்க்கல. எட்டு ஜெயிச்சதைக்கூட வேணும்னா எடுத்துக்கங்க. இந்தப் பதிமூணும் எனக்கு வேணுமுங்க."

"என்னை மன்னிச்சிரு பூபதி" என்றேன். அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

அதன் பிறகுதான் அவன் உட்கார்ந்தான். "இதைச் சொல்றதுக்கு எதுக்குங்க ரெண்டு பக்கம்?" என்றான். என் வீட்டுக்காரி காபி கொண்டு வந்தாள். குடித்தான். போகும்போது, "ஏதாச்சும் செய்யணும்னா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. என்ன எடையில நின்னேன், எப்படித் தோத்தேன், அதையும் சேத்துக் குடுக்கச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான்.

கடிதத்தை எடுத்து வைத்துவிட்டேன். நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர்ச் சான்றில் அந்தக் கட்டங்கள் இல்லை என்றார் கவிதா. "அப்பப் புத்தகத்தை அப்படியே நகல் எடுத்து வெச்சுக் குடும்மா. இந்த ஒத்தை வரிச் சான்றுல, பழைய செயலாளர்ங்கற முறையில சரிபார்த்தேன்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றேன். இருபத்தைந்து சண்டையும், தங்கவேலு சாரின் அந்த வரியும் உள்பட, நகலாகப் போயிற்று.

நேர்காணலில் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதற்காக மேல் எடைக்குப் போய்த் தோற்றீர்கள் என்று கேட்டாராம். "ஆள் இல்லைங்க, போனேன்" என்றானாம் பூபதி. அப்புறம் மைதானத்துக்குக் கூட்டிப் போய், கல்லூரிப் பையன்கள் நாலு பேரோடு அரை மணி நேரம் கையுறை போட்டு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டது.

போன மாதம் சேலத்தில் மண்டலப் போட்டி. வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எடை மேசையில் கவிதா. பூபதி தன் அணியோடு வந்திருந்தான். ஐம்பத்தேழு கிலோவுக்கு வரவேண்டிய பையன் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். அணியிலிருந்த ஐம்பத்தொரு கிலோப் பையன் ஒருவன் கையில் பழச்சீப்போடு முன்னால் வந்தான். "நான் போறேனுங்க சார். கோப்பை போயிருமுங்க" என்றான்.

பூபதி சீப்பை வாங்கிப் பையில் போட்டான். "எடை பாத்துட்டு வந்து தின்னு. உம்பட வரிசை அங்க இருக்குது, போய் நில்லு" என்றான்.

கோப்பை வேறு ஊருக்குப் போயிற்று. அவன் கொடுத்த பட்டியலைக் கவிதா எனக்குக் காட்டினார். ஐம்பத்தேழுக்கு எதிரே வெல்டிங் பிடித்த கையின் கோணல் எழுத்தில், 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தான். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பட்டியல் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தையை நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை.